வைத்தியரிடம் வெட்கமா?



ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. பிரயாணத்தில் கல் பட்டுத் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். தண்ணீர் இருக்கையில் கூடாது என்று உடனிருந்தோர் கூறிவிட்டனர். குளித்தார், மௌத்தாகி விட்டார். இதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள் மிகவும் கோபமுற்று, அறியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்குக் கேள்வியன்றோ மருந்து என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வேலூருக்கு அழைத்து வரப்படும் பெண் டாக்டர் முன் வாய் திறப்பதில்லை. கணவர் பேசுகிறார், இல்லையேல் மாமியார் பேசுகிறார். எங்கே வலி, எத்தனை நாளாக உதிரப்போக்கு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி தோன்றியதே இத்தகைய ஒரு துயரத்தால்தான். 1890களில் ஓரிரவு, திண்டிவனத்தில் டாக்டர் ஜான் ஸ்கடரின் வீட்டிற்கு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். வந்தவர்களில் ஒருவர் முஸ்லிம். டாக்டர் ஆண் என்பதால் வேண்டாமென்றனர். அவர் மகள் ஐடாவோ அன்று மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். பிறகு அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா அம்மையார் 1900இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் தொடங்கியதுதான் அந்த ஆஸ்பத்திரி.

இன்று பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பெறுங்கள். கிடைக்காத நிர்ப்பந்தத்தில் ஆண் டாக்டர் தேவையான அளவு பார்க்க ஷரீஅத் இடம் தருகிறது. ஹயா ஈமானின் கிளைதான், மறுப்பவர் யார்? ஆயினும் ஹஜ்ரத் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் குளிப்புப் பற்றிய கூச்சமான மஸ்அலாவை ரஸூலுல்லாஹ்விடம் நேரிலேயே கேட்டார்கள் அல்லவா?

ஆண்களும் இதில் சளைத்தவர்களல்லர். தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்பிலும் குரோமிலும் கை வைப்பவர், கையிலுள்ள அரிப்புக்குக் களிம்பு கேட்பார், தொழிலைச் சொல்லமாட்டார். குரோம் ஒவ்வாமையால் வந்த புண் என்று டாக்டர் எவ்வாறு ஊகிப்பார்? ரகசியமாகத் தின்னும் லேகியத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

ரமளானில் சர்க்கரை வியாதிக்காரர் சிலர் மாத்திரையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் தாமாகவே மாற்றிக் கொள்கின்றனர். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்லாஹுதஆலாவே சூரா பகராவில் சலுகை அளித்துள்ளான். எனவே ஷஃபானிலேயே டாக்டரிடம் செல்லுங்கள். நோன்பு வைக்கலாமா, எந்த மருந்தை எப்போது எவ்வளவு சாப்பிடுவது, என்ன அறிகுறி கண்டால் உடனே நோன்பை விடவேண்டும் என்று கேட்டு, அவர் சொல்வதைச் சீட்டில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.