ஆறாவது சூனை

உயிர்களுக்குத் தீங்கு செய்யாமல் மனிதன் வயிறு வளர்க்க இயலுமா என்ற கேள்வியை நம்முடைய சாஸ்திரகாரர்கள் வனத்தில் தவம் செய்யும் முனிவருக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவிடாமல், இல்லறத்தானுடைய சமையலறைக்குள்ளும் கொண்டுவந்து வைத்தார்கள். மநு ஸ்மிருதியின் மூன்றாவது அத்தியாயம் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து கொலைக்களங்கள் உண்டென்று கூறி, அவற்றுக்குப் பஞ்ச சூனை என்று பெயரிட்டு, அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் என்று எண்ணிக் காட்டுகிறது. வேடனுடைய வில்லும் வீரனுடைய வாளும் இந்தக் கணக்கில் இல்லை. விறகோடு சேர்ந்து எரியும் புழுவுக்கும், உரலில் நசுங்கும் வண்டுக்கும், துடைப்பத்தின் கீழ் மடியும் எறும்புக்கும் யாரோ ஒருவர் கணக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தவர்கள், அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கு உபகரணங்களைத் தூக்கியெறியும்படி விதிக்கவில்லை. நாள்தோறும் ஓதுதல், தேவ காரியம், பிதிர் காரியம், விருந்தோம்பல், பிற ஜீவன்களுக்கு அன்னமிடுதல் என்ற ஐந்து மகா யக்ஞங்களால் பட்ட கடனை அன்றன்றே தீர்க்கும்படி விதித்தார்கள்.

அந்த ஸ்மிருதியில் பெண்களைப் பற்றிச் சொல்லியிருப்பவற்றுள் இன்று நாம் ஏற்க முடியாதவை பல, ஏற்கவும் கூடாது. ஆயினும் இந்த ஒரு சிந்தனையில், இக்காலத்தில் சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில், உகந்த கருவி என்று நாம் பேசிவரும் பேச்சில் காணக்கிடைக்காத ஒரு நேர்மை இருக்கிறது. ஒரு பொருளின்மேல் பசுமை என்ற முத்திரையைக் குத்திவிட்டால் அது பாவமற்றதாகிவிட்டது என்ற ஆறுதலை இன்றைய பேச்சு நமக்கு அளிக்கிறது. பழைய சிந்தனையோ, பாவமற்ற கருவி என்று உலகத்தில் ஒன்றும் இல்லை, கடனை அறிந்து அடைக்கும் கருவியும் அறியாமல் விட்டுவிடும் கருவியுமே உண்டு என்கிறது. சமண மரபிலும் ஹிம்ஸையை நான்காக வகுத்து, வேண்டுமென்றே செய்யும் ஹிம்ஸையை மாத்திரம் இல்லறத்தான் அறவே விடவேண்டுமென்றும், வீட்டு வேலையிலும் ஜீவனத்துக்கான தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் ஹிம்ஸையை இயன்றவரை குறைக்கவேண்டுமென்றும் கூறுவதுண்டு. தொழிலில் நேரும் தீங்கு உத்யோகி ஹிம்ஸை என்று தனிப்பெயர் பெற்றிருப்பதே, அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காகத் தொழிலை விட்டு ஓடவும் வேண்டாம் என்ற தெளிவுக்கு அத்தாட்சி.

இந்தக் கேள்வி யாருக்கு மிகவும் பிரத்யட்சமானது என்று யோசித்தால், வீட்டுத் திண்ணையில் இட்லிக்கடை வைத்திருக்கும் பெண்மணிக்கும், முறுக்குச் சுற்றி விற்பவருக்கும், அப்பளமும் மசாலைப் பொடியும் செய்து சந்தைக்கு அனுப்பும் மகளிர் குழுவினருக்குமே என்று சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷம் தருமபுரி மாவட்டத்தில் அரசு முயற்சியாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்களின் வழியாகக் கடன் பெற்றுச் சிறுதொழில் நடத்தும் பெண்களுள் பலருக்கு முதல் மூலதனமாக இருப்பது வீட்டுச் சமையலறையே. ஆகையால் மநு எண்ணிய அந்த ஐந்து உபகரணங்களும் அவர்களிடத்தில் வீட்டுச் சாமான்களாக மட்டும் இராமல் தொழிற்கருவிகளாகவும் ஆகிவிட்டன. அம்மியின் இடத்தில் மின்சார அரவை இயந்திரமும், விறகடுப்பின் இடத்தில் எரிவாயு அடுப்பும், குடத்தின் இடத்தில் கேன் தண்ணீரும் வந்திருக்கின்றன என்பது உண்மையே. கருவி மாறியதால் கடன் மறையவில்லை. முன்பு அடுப்படியில் நேர்ந்த சேதம் இப்போது நிலக்கரிச் சுரங்கத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் தூரத்து ஊரின் நிலத்தடி நீரிலும் நேர்கிறது என்பதே வித்தியாசம்.

இங்கே பழைய கணக்கில் விடுபட்டுப்போன ஓர் உயிரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. அடுப்பில் மாயும் புழுவை எண்ணியவர்கள், அந்த அடுப்பின் முன்னால் ஆயுள் முழுவதும் புகையைச் சுவாசித்துக் கண் கலங்கி நுரையீரல் கெட்ட பெண்ணை எண்ணவில்லை. உரலில் நசுங்கும் வண்டை எண்ணியவர்கள், உலக்கை பிடித்த கையின் நோவை எண்ணவில்லை. ஆகையால் விறகு இயற்கையானது, எரிவாயு செயற்கையானது என்ற எளிய வாதத்தைச் சொல்லி, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இட்லி வேகவைக்கும் பெண்மணியை மறுபடியும் புகைக்குள் தள்ளுகிறவர் அஹிம்ஸையைப் போதிப்பவர் ஆகமாட்டார். கோயம்புத்தூரில் உருவாகி வளர்ந்த மாவரைக்கும் இயந்திரம் மின்சாரத்தைத் தின்றாலும், எத்தனையோ பெண்களின் முதுகெலும்பைக் காப்பாற்றியிருக்கிறது. கருவியைப் பிடித்திருக்கும் உயிரையும் உயிர்களில் ஒன்றாக எண்ணுவதே இந்த விசாரணையின் முதற்படி.

இரண்டாவது படி, ஐந்தோடு நில்லாத ஒரு சூனையைக் கண்டுகொள்வது. மநுவின் இல்லறத்தான் சமைத்த அன்னம் அந்த வீட்டிலேயே பரிமாறப்பட்டது. வந்த விருந்தினரும் அங்கேயே உட்கார்ந்து உண்டார். இலை குப்பைக்குழிக்குப் போய் எருவாயிற்று. அன்னம் பண்டமாகி, விலை பெற்று, வாசற்படியைத் தாண்டிச் சந்தைக்குப் போகத் தொடங்கியபோது, அதுவரை இல்லாத ஆறாவது சூனையொன்று பிறந்தது, அதுதான் உறை. கொதிக்கும் சாம்பாரை ஊற்றிக் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பை, பார்வைக்குக் காகிதம்போல் இருந்தும் உட்புறம் பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் குவளை, இட்லிப் பொட்டலத்துக்குள் இலைபோலவே வெட்டி வைத்த பச்சைத்தாள் என்று இந்தச் சூனை பல வேஷம் பூண்டு நிற்கிறது. மற்ற ஐந்தும் கண்ணுக்கு முன்னால் செய்வதை, இது கண்ணுக்கு அப்பால், வாங்கியவர் உண்டு கை கழுவிய பிறகு செய்கிறது. அப்படிச் செய்வதில் ஐந்தாவது யக்ஞத்தையே தலைகீழாக்கியும் விடுகிறது. மிச்சமான சோற்றை மாட்டுக்கும் காக்கைக்கும் வைப்பது பூத யக்ஞம். அதே மிச்சத்தைப் பையில் முடிந்து தெருவில் எறியும்போது, வாசனைக்கு வந்த பசு முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பையோடு விழுங்குகிறது, விழுங்கிய பிளாஸ்டிக் அதன் வயிற்றில் திரண்டு அடைத்து நின்று நாளடைவில் உயிரையே வாங்கிவிடுகிறது. கடன் தீர்ப்பதற்கென்று ஏற்பட்ட காரியம் இவ்வாறு புதிய கடனாக மாறிவிடுவதைக் காட்டிலும் விபரீதம் வேறென்ன இருக்க முடியும்?

இந்த ஆறாவது சூனையை அரசு சட்டத்தால் அடைக்க முயன்றது. ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு விதித்த தடை தமிழ்நாட்டில் 2019-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. துணிப்பையை மீண்டும் கைக்கொள்ளச் செய்வதற்கென்று மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. தடையின் நோக்கத்தில் குறை காண இடமில்லை. ஆனால் தொடக்கத்தில் அந்தத் தடை, ஆலையிலேயே பண்டத்தோடு சேர்த்து மூடப்படும் உறைகளுக்கு விலக்களித்திருந்தது. தெருமுனைப் பெண்மணி சட்னி கட்டிக்கொடுத்த பை குற்றமாகி, அவர் கடைக்குப் பக்கத்திலேயே சரம் சரமாகத் தொங்கிய ஆலை வறுவலின் பளபளப்பான உறை குற்றமற்றதாக நின்ற அந்த நாட்களில், தர்மத்தின் பாரம் தோள் மெலிந்தவர்மேல் முதலில் ஏறும் என்ற பழைய உண்மை மறுபடியும் நிரூபணமாயிற்று.

இந்த இடத்தில் கூர்மையான ஓர் ஆட்சேபம் எழுகிறது. நம் பாட்டிமார் வாழையிலையிலும் தைத்த மந்தாரை இலையிலும் பரிமாறியது தர்மசிந்தனையாலா? இலை மலிவாகக் கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே? வறுமையினால் நேர்ந்த சிக்கனத்தைப் புண்ணியமென்று கொண்டாடுவது பேதைமையல்லவா? இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேறு வழியில்லாதவன் செய்யும் காரியம் நன்மை பயக்கலாமேயன்றி அறம் என்ற பெயரைப் பெறாது. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கும் இடத்தில்தான் அறம் தொடங்குகிறது. ஆனால் அதே நியாயத்தை இன்றைக்கும் பொருத்திப் பார்த்தால் அது ஆட்சேபம் செய்தவரையே திருப்பிக் கேட்கும். இன்று பிளாஸ்டிக் மலிவாகவும் இலை விலையேறியும் இருக்கின்றன. முன்பு இலையை உபயோகித்தது வறுமையென்றால், இன்று பையை உபயோகிப்பதும் அதே வறுமைதானே? அன்று அந்தப் பெண்மணிக்குப் புண்ணியம் இல்லையென்றால், இன்று அவருக்குப் பாவமும் இல்லை. இலையையும் பையையும் எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர் யாரோ, அவரிடத்தில்தான் இன்று அறமும் அதன் கடனும் போய் நிற்கின்றன.

அந்த வசதி உள்ளவருக்கும் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதைத் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பின்னர் காந்தியடிகளின் அழைப்பால் கிராமக் கைத்தொழில் பணியில் ஆயுளைச் செலவிட்ட ஜே. சி. குமரப்பா தந்திருக்கிறார். சிறைவாசத்தில் அவர் எழுதிய நிலைபேற்றுப் பொருளாதாரம் பற்றிய நூல், இயற்கையின் செல்வத்தைத் தேக்கம், ஓட்டம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் தேக்கம். எடுக்க எடுக்கக் குறைந்து, மனிதருக்குள் போட்டியையும் யுத்தத்தையும் விளைப்பவை. வெயிலும் காற்றும் நீரோட்டமும் வளரும் தாவரமும் ஓட்டம். அளவறிந்து எடுத்தால் என்றும் வந்துகொண்டிருப்பவை. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு வார்தாவில் மகன்வாடியில் உருவானது இந்தச் சித்தாந்தத்தின் உருவமாகத்தான்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால் சிறுதொழில் நடத்தும் பெண்களின் எளிய அநுஷ்டானங்கள் பல புதிய கௌரவம் பெறுகின்றன. பம்பாய் கிர்காமில் 1959 மார்ச் 15-ஆம் தேதி ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கி, பிற்காலத்தில் லிஜ்ஜத் என்ற பெயரால் நாடறிந்த ஸ்தாபனமாக வளர்த்தபோது, அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த கருவி சூரியன். லாப நஷ்டங்களை உறுப்பினரே பகிர்ந்துகொண்டதும் அந்த ஸ்தாபனத்தின் மூலதனங்களுள் ஒன்று. பருப்பை முன்கூட்டி ஊறவைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவதும், அரிசி கழுவிய நீரைத் தொட்டிக்கு விடாமல் மாட்டுக்கு வைப்பதும், காய்கறிக் கழிவைச் சாண எரிவாயுக் கலத்தில் இட்டு அடுப்புக்கே திருப்பிக் கொண்டுவருவதும் இந்த வகையைச் சேர்ந்தவை. தானாக உதிர்ந்த பாக்கு மட்டையைக் கழுவி ஊறவைத்துச் சூடான அச்சில் அழுத்தித் தட்டாக்குவதில் மரத்துக்கு ஒரு காயமும் இல்லை. ஆனாலும் அந்த அச்சுக்கு மின்சாரம் வேண்டும்; தோப்பிலேயே மக்கி உரமாகவேண்டிய மட்டை தோப்பை விட்டு வெளியேறுகிறது; ஆகவே அந்தத் தோப்புக்கு வேறு எருவைத் திருப்பித் தருவது தட்டு செய்பவரும் தோப்புக்காரரும் சேர்ந்து தீர்க்கவேண்டிய கடன். பாக்கு மட்டைத் தட்டும் பாவமற்றது அல்ல. ஆனால் அதன் கடன் அடைக்கக்கூடிய கடன். பிளாஸ்டிக் பையின் கடனோ அடைப்பதற்கு ஆளே இல்லாத கடன்.

பலகாரம் சுடுபவர்களின் எண்ணெய்ச் சட்டி இதற்கு மற்றோர் உதாரணம். மறுபடியும் மறுபடியும் காய்ச்சிய எண்ணெய் கெட்டு உடலுக்குத் தீங்கு செய்வதனால், அதிலுள்ள துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்த விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கழிந்த எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக மாற்றும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. கழிந்த எண்ணெயைக் குறைந்த விலைக்கு இன்னும் சிறிய கடைக்காரருக்கு விற்றுவிடுவது எளிது. அப்போது நஞ்சு தன் வீட்டை விட்டு ஏழையின் வயிற்றுக்குப் போகிறது. அதைச் சேகரிப்பவரிடம் ஒப்படைக்கும் பெண்மணி செய்வது வெறும் சுகாதார விதியை அநுசரிப்பதன்று. தன் கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குத் தான் பட்டிருக்கும் கடனை உணர்வது.

ஆயினும் இத்தனை அநுஷ்டானங்களையும் அவர் ஒருவரே சுமக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியாகுமா? பஞ்ச மகா யக்ஞங்களின் அமைப்பையே இதற்கு விடையாகக் கொள்ளலாம். அடுப்பை மூட்டியதும் அம்மியில் அரைத்ததும் பெண்ணின் கை. ஆனால் கடன் தீர்க்கும் பொறுப்பை ஸ்மிருதி வைத்தது, அந்த அன்னத்தால் வாழும் குடும்பத்தின் தலைவன்மேல். உழைத்தவளை மறந்து யக்ஞத்தின் பெருமையை மட்டும் தலைவன் எடுத்துக்கொண்டான் என்பது அந்த அமைப்பின் குறை. ஆனாலும் கருவியால் நேரும் பாவம், கருவியைப் பிடித்தவரோடு நின்றுவிடாமல் அதன் பயனை உண்டவரைச் சேரும் என்ற தத்துவம் அதற்குள் இருக்கிறது. அன்னம் சந்தைக்கு வந்துவிட்ட இக்காலத்தில் உண்பவர் யார்? விலை கொடுத்து வாங்கும் நாம்தாம். ஆகவே தூக்குப் பாத்திரத்தை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லவேண்டியது நம்முடைய அநுஷ்டானம்; இலையின் விலையைப் பண்டத்தின் விலையோடு சேர்த்து முகம் சுளிக்காமல் கொடுக்கவேண்டியது நம்முடைய யக்ஞம்; வெயிலில் இயங்கும் உலர்த்திக்கும் புகையில்லாத அடுப்புக்கும் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும்படி செய்யவேண்டியது வங்கிகளும் அரசும் நிறைவேற்றவேண்டிய நித்திய கர்மம். இலையில் கட்டிய இட்லிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு, ஏழைப் பெண்மணிக்கு உபகாரம் செய்தோம் என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர் தம்முடைய கணக்கைத் தவறாக எழுதிக்கொள்கிறார். அந்த ரூபாய் தானமன்று, இத்தனை நாளும் தம் பெயரில் ஏறிக்கொண்டிருந்த கடனுக்கு அவர் செலுத்தும் முதல் தவணை.