சங்கிலியைப் பிடித்திருக்கிற கை

இன்னொரு நாயைக் கண்டாலே பாய்கிற நாயைத் தெருவில் கூட்டிக்கொண்டு போகிறவர் வழி விட வேண்டுமா, எதிரே வருகிறவர் வழி விட வேண்டுமா? நாய்ச் சமாச்சாரம்தானே என்று தள்ளிவிடலாம். ஆனால் தெரு யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வி இதற்குள் இருக்கிறது. ஒதுங்கி ஒதுங்கியே தலைமுறைகளைக் கழித்த நமக்கு இதில் சொல்ல இருக்கிறது.

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் நிறைந்துவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை எடுக்கவும் போகிற பெண்களில் நம் சனம் நிறைய. மலையில் தோட்டக் காவலுக்கு நாய் உண்டு. போடிக்குத் தெற்கே இருக்கிற கோம்பை ஊரின் பெயரையே தாங்கிய நாய், செம்பழுப்பு உடம்பும் கருத்த மூஞ்சியுமாக, காவலுக்குப் பேர்போனது. காலனியிலிருந்து பெண்களின் பின்னாலேயே ஓடி வருகிற நாயும் உண்டு. அதற்குக் கயிறும் கிடையாது, காவலும் கிடையாது. இந்த இரண்டும் ஒற்றையடிப் பாதையில் எதிர்ப்பட்டால், சங்கிலியைப் பிடித்திருக்கிறவர் தூரத்திலிருந்தே சத்தம் கொடுப்பார்: "ஏ, நாயி வருது, ஓரமாப் போங்க!" தலையில் சுமையோடு வருகிறவள் சரிவில் இறங்கி நிற்பாள். தன் நாயை அவளே கல்லெடுத்து விரட்டவும் வேண்டும்.

நாயைக் குற்றவாளியாக்குவது சுலபம். அது ஏன் பாய்கிறது என்று பார்த்தால் வேறு கதை தெரியும். கட்டில்லாத இரண்டு நாய்கள் சந்திக்கும்போது பெரும்பாலும் நேருக்கு நேர் வருவதில்லை. வளைந்து வரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், மோந்து பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போகும். சங்கிலி இறுகினால் வளையவும் முடியாது, ஓடவும் முடியாது. பயந்த நாய் குரைக்கும். மோந்து பார்க்கத் தவித்த நாயும் குரைக்கும். எதிரே வந்தது விலகிப் போனால், 'குரைத்தால் போய்விடுகிறது' என்று கற்றுக்கொள்ளும். அடித்து இழுத்தாலோ, எதிரே நாய் வந்தால் தனக்கு வலிக்கும் என்பதுதான் அதன் மனதில் பதியும். அடுத்த முறை இன்னும் மூர்க்கமாகப் பாயும்.

நாய் பழக்குகிறவர்கள் சொல்கிற வழி சிக்கலானதல்ல. எதிரே நாய் வருவதைத் தன் நாய் பொங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டும். பாதை மாறியோ திரும்பியோ விலக வேண்டும். மற்ற நாயைப் பார்த்தும் நிதானமாக இருக்கிற தூரத்தில் நிறுத்தி, கறித்துண்டு கொடுக்க வேண்டும். நாள்படத் தூரத்தைக் குறைக்க வேண்டும். கடிக்கிற நாய் என்றால் மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள வாய்க்கூடு மாட்ட வேண்டும். இத்தனைக்கும் முதல் படி ஒன்றுதான்: நாயைப் பிடித்திருக்கிறவர் விலக வேண்டும்.

விலகுவது நமக்குப் புதுசா? இந்த ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. உயர்சாதிக்காரர் வந்தால் முன்னால் ஓர் ஆள் சத்தம் கொடுத்துக்கொண்டு போவான். நம்மவர்கள் பாதையைவிட்டு வயலில் இறங்கி ஓட வேண்டும். எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதற்குக் கணக்கு இருந்தது. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கிற உரிமைக்காகவே 1924இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது. தமிழகத்திலிருந்து போன பெரியார் அதில் சிறை சென்றார்.

நாய் பழக்குகிறவர் கேட்பதும் தூரம்தான், சாதி கேட்டதும் தூரம்தான். ஆனால் முன்னதில், தன் கையில் இருக்கிற ஆபத்துக்குத் தானே பொறுப்பேற்று ஒருவர் விலகுகிறார். பின்னதில், தன் மனதில் இருக்கிற நஞ்சுக்காக அடுத்தவரை விலகச் சொல்கிறார்.

சாதி நாயையும் விட்டுவைக்கவில்லை. தென்மாவட்ட ஊர்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிக் கள ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம்! வெள்ளைக்காரனோ நம் சாதிப் பெயரை எடுத்துத் தெருநாய்க்கு வைத்தான். அந்தச் சொல் இன்றும் ஆங்கில அகராதியில் இருக்கிறது.

"எங்க நாயும் உசுருதானே, நடக்க வேணாமா?" என்று கேட்கலாம். வேண்டும்தான். கட்டியே கிடக்கிற நாய்க்கு மூர்க்கம் கூடும். அதனால் ஆளில்லாத நேரமாகப் பார்த்து விடியற்காலையில் கூட்டிப் போகிறோம் என்கிறார்கள். ஜீப்பைப் பிடிக்க நம் பெண்கள் ஓடுகிற நேரமல்லவா அது? அவர்கள் ஆளில்லையா?

நம் தெரு நாய் கயிறில்லாமல் குறுக்கே ஓடுகிறதே என்பதும் ஞாயமான கேள்விதான். அதற்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும். சோறு போடுகிற கைக்கும் பொறுப்பு உண்டு.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காக் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்காவைக் காவல் காக்கிறவரின் பிள்ளைக்குப் பூங்காவில் காவல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, வளர்க்கும் விலங்கை அஜாக்கிரதையாக விடுகிறவருக்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பெரும்பாலும் கடிபட்ட பிறகுதான் யாரும் அந்தப் பிரிவைத் தேடிப் போகிறார்கள். எதிரே ஆள் தெரிந்ததுமே "நீ போம்மா, நான் நிக்கிறேன்" என்று நாயோடு ஒதுங்கி நிற்க எந்தப் பிரிவும் தேவையில்லை.

பொறுமையாகப் பழக்கினால் பல நாய்கள் சில மாதங்களில் தேறிவிடுகின்றன. சங்கிலியைப் பிடித்திருக்கிறவருக்கு இன்னும் எத்தனை காலம் வேண்டும்?