பெருக்கி வைத்த வெறும் வீடு



மத்தேயு 12-ம் அதிகாரம் 43 முதல் 45 வரை எடுத்து வாசியுங்கள். ஒரு மனுஷனை விட்டுப்போன அசுத்த ஆவி திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறது. வீடு சுத்தமாய்த்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. தன்னைவிடக் கெட்ட ஏழு பேரைக் கூட்டிவந்து குடியேறிவிடுகிறது.

இது நம்ம கண் முன்னாலேயே நடந்ததே! 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை போட்டது; அந்த மாதமே தடை நீங்கியது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 செயலிகளை நிறுத்தியபோது அதுவும் போயிற்று. (தேசப் பாதுகாப்புக்காக வந்த தடை அது, நம்ம பிள்ளைகள் படிப்புக்காக அல்ல.) அப்பாடா என்று மூச்சுவிட்ட தாய் தகப்பன்மார் எத்தனை பேர்! ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.

போனை உடைத்துப் போடு என்று நான் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் வகுப்பே அதில்தான் நடந்தது. இன்றைக்கும் நோட்ஸ் வாட்ஸப்பில்தான் வருகிறது. நோட்ஸ் பார்க்கத் திறக்கிறாய் தம்பி, எப்போது மூடுகிறாய்? புஸ்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்குக்கூட வணக்கம் போடுகிறான். இதற்கு முடிவே இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முறையை 2006-ல் உண்டாக்கிய ஏசா ராஸ்கின் என்பவரே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார்.

ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து, காலையில் முகையூரில் பஸ் ஏறி விழுப்புரம் கல்லூரிக்குப் போனால் என்ன ஏறும்? சரீரம் பெஞ்சில், மனசு பாக்கெட்டில். செமஸ்டரில் அரியர் விழுகிறது. அது அப்பா கரும்பு வெட்டி, அம்மா நாற்று நட்டுக் கட்டின பீஸ், ஞாபகமிருக்கட்டும்.

உபவாசக் கூட்டத்தில் அழுது இன்ஸ்டாகிராமை அழித்துவிட்டு, மூன்றாம் நாள் திரும்ப ஏற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணீர் பொய்யல்ல. அந்த இரண்டு மணி நேரம் வெறும் வீடாய்க் கிடந்தது, அவ்வளவுதான்.

பெரியவர்களே, திட்டினால் வீடு நிறையாது. பிரசங்க நேரத்தில் வாட்ஸப் பார்க்கிற நாம் திட்டவும் முடியாது! சபைக் கட்டடம் வாரநாளில் ராத்திரி பூட்டித்தானே கிடக்கிறது? ஏழு மணிக்குத் திறந்து விளக்கைப் போடுங்கள். போன்களெல்லாம் வாசலில் ஒரு கூடையில் இருக்கட்டும். ஜெபித்துவிட்டு ஒன்பதரை வரை பிள்ளைகள் சேர்ந்து படிக்கட்டும். வாத்தியார் வேலை பார்க்கிற விசுவாசி ஒருவர் கூட உட்காரட்டும். டீச் செலவை நாம் ஏற்றுக்கொள்ளலாம்.