உடைமையும் எதிர்ப்பும்

(திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிராகாரம். தீபாராதனை முடிந்த வேளை.)

சீடன்: ஆசானே, நிலமும் பட்டமும் உள்ளவன் அரசை எதிர்த்து நாடுவிட்டுப் போவதில் என்ன பெருமை? போன இடத்திலும் அவனுக்குச் சோறு உண்டு. ஏழை எதிர்த்தால் அடியும் சிறையும்தானே?

குரு: ஏழை படும் பாடு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் உடைமைக்காரனுக்குச் சோறு போடுவதே அந்த அரசின் அநீதிதான். அதை எதிர்க்க அவன் தன் வயிற்றையே எதிர்க்க வேண்டும். வால்டர் ஸ்டிரிக்லண்டைப் பார். யார்க்‌ஷயரில் பாய்ண்டன் பண்ணையின் வாரிசு, ஆங்கிலப் பிரபு. பேரரசால் வாழ்ந்த வகுப்பில் பிறந்து பேரரசை வெறுத்தார். 1923இல் பிரிட்டிஷ் குடியுரிமையை உதறிச் செக்கோஸ்லோவாக்கியக் குடிமகன் ஆனார். 1938இல் ஜாவாவில் இறந்தார். நாஞ்சில் நாட்டுப் பூர்விகம் கொண்ட ஒரு பையனைத் திருவனந்தபுரத்திலிருந்து 1908இல் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனவரும் அவரே.

சீடன்: செண்பகராமன் பிள்ளையைச் சொல்கிறீர்கள். துறப்பு என்றால் நம் மார்த்தாண்ட வர்மாவும் 1750இல் திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் கொடுத்தாரே?

குரு: கொடுத்துவிட்டுப் பத்மநாபதாசனாக அவரே ஆண்டார். உரிமை சாமிக்கு, அதிகாரம் அரசனுக்கு. அது பக்தி, எதிர்ப்பு ஆகாது.

சீடன்: சரி. பிள்ளையிடம் பண்ணை ஏது? அவர் எதை இழந்தார்?

குரு: ஒருவன் அண்டி நிற்கும் துணையும் உடைமைதான், மக்கா. அவர் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு அமைத்தார். 1914இல் பெர்லின் போனார். 1915இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சர். ஆங்கிலேயனை விரட்ட ஜெர்மனியின் கை வேண்டும் என்று நம்பி வாழ்ந்த மனிதர்.

சீடன்: அந்த ஜெர்மனியும் ஆப்பிரிக்காவில் ஹெரேரோ மக்களைக் கொன்று குவித்த பேரரசு அல்லவா?

குரு: ஆமாம். அதைக் கண்டும் சேர்ந்தார் என்ற குறை அவர்மேல் இருக்கத்தான் செய்யும். நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஹிட்லர் வந்தபோது அவர் என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும். இந்தியா ஆங்கிலேயர் கையிலேயே இருக்கட்டும் என்று தன் நூலில் எழுதியவர் ஹிட்லர். 1931இல் அவர் இந்தியரை இழித்துப் பேசியதும் பிள்ளை எதிர்த்து நின்றார், மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இருந்த ஊர் பெர்லின், போக வேறு ஊர் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் நாளைக்கு உதவி கிடைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை.

சீடன்: எதிரிக்கு எதிரி நண்பன் என்ற நியாயம் அவருக்குப் போதவில்லையா?

குரு: அவனால் நமக்கு ஆதாயம் என்பது அவனை நல்லவனாக்காது. பிரபு தன் வகுப்பை எதிர்த்தார். பிள்ளை தன் நம்பிக்கை இருந்த இடத்தை எதிர்த்தார். எனக்கு இரண்டாவதே கடினமாகப் படுகிறது.

சீடன்: முடிவு?

குரு: 1934 மே மாதம் பெர்லினில் இறந்தார். அஸ்தியில் ஒரு பங்கைக் கரமனை ஆற்றில் கரைக்கவும் மீதியை நாஞ்சில் வயல்களில் தூவவும் கேட்டிருந்தார். மனைவி லட்சுமிபாய் பல ஆண்டுகள் அதைக் காத்து வைத்திருந்தார். 1966இல்தான் ஐ.என்.எஸ். டெல்லி கப்பலில் அது கொச்சிக்கு வந்தது.