எஸ்யூவியின் மைலேஜும் தாம்பரத்துக் குளிரும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் எஸ்யூவி வைத்திருப்பவர்களிடம் ஒரே பேச்சுதான்: "வெயில் காலத்துல பன்னெண்டு, பதிமூணு கொடுத்த வண்டி, இப்ப ஒன்பதைத் தாண்ட மாட்டேங்குது." மெக்கானிக்கிடம் கேட்டால், "குளிர்காலம் சார், அப்படித்தான் இருக்கும்" என்பார். மைலேஜ் குறைவது உண்மைதான். பழியைக் குளிரின் மேல் போடுவதுதான் நம் ஊருக்குப் பொருந்தவில்லை.

குளிர் என்ன செய்யும் என்பதை முதலில் பார்ப்போம். இன்ஜின் சிக்கனமாக ஓட, கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டுக்கு வரவேண்டும். அதுவரை ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும். குளிர்ந்த உலோகத்தின் மேல் படும் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; அதை ஈடுகட்ட இன்ஜினின் கணினி கூடுதலாகப் பெட்ரோல் விடும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் 250, 300 டிகிரி சூடான பிறகே வேலையைத் தொடங்கும். அதைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் சற்று வேகமாகவே ஓடும். காலையில் ஆர்பிஎம் முள் ஆயிரத்துக்கு மேல் நின்று, கொஞ்ச நேரம் கழித்து 800 பக்கம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளியில் கூடுதலாக எரிவதெல்லாம் சூடேற்றும் செலவு.

குளிர்நாடுகளில் இந்தச் செலவு பெரியது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 25 டிகிரியில் ஓடும் பெட்ரோல் கார் மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓடினால் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். ஐந்தாறு கிலோமீட்டரோடு முடியும் பயணங்களில் 24 சதவீதம் வரைகூட இறங்கலாம். ஆனால் அது 32 டிகிரி வித்தியாசத்துக்கு. மீனம்பாக்கத்தில் ஜனவரி விடியற்காலை சராசரியாக 20, 21 டிகிரி இருக்கும். மே மாத விடியலோடு ஒப்பிட்டால் ஏழெட்டு டிகிரிதான் குறைவு.

இன்னோர் அளவுகோலும் இருக்கிறது. கார் கம்பெனிகள் விளம்பரத்தில் போடும் மைலேஜ், வண்டியை ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி அளந்தது. முடிச்சூர், படப்பை வழியாக வாலாஜாபாத் சாலையில் போனால் வரும் ஒரகடத்தில்கூட மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் ஒன்று இருக்கிறது. விதிப்படி, அளக்கும் அறையின் வெப்பம் 20லிருந்து 30 டிகிரிக்குள் இருக்கவேண்டும். நம் மார்கழி விடியலே அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அந்த அறையில் ஏசி அணைந்திருக்கும்; மழை, பள்ளம், பேருந்து எதுவும் குறுக்கே வராது.

அப்படியானால் மைலேஜ் எங்கே போகிறது? மழை நாளில் நாம் வண்டியை எடுக்கும் விதத்திலிருந்து தொடங்கலாம். வெயில் காலத்தில் டூவீலரில் முடியும் வேலைகள் மழை வந்ததும் காருக்கு மாறிவிடுகின்றன. சேலையூரில் பிள்ளையை ஸ்கூலில் விடுவது, கேம்ப் ரோட்டில் மருந்து வாங்குவது, ரயிலில் வருபவரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவருவது எல்லாமே இரண்டு, மூன்று கிலோமீட்டர் பயணங்கள். 24 டிகிரியில் ஸ்டார்ட் செய்தாலும் 90ஐத் தொட இன்னும் 66 டிகிரி ஏறவேண்டும். அது ஏறி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த வேலைக்கு எடுத்தால், பெரும்பகுதிச் சூடு ஆறிப்போய் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்கும். மே மாதத்திலும் இப்படி ஓட்டினால் இதே நஷ்டம்தான்.

இதைவிடப் பெரியது நேரம். எரிபொருள் போகிற தூரத்துக்கு மட்டும் எரிவதில்லை, இன்ஜின் ஓடுகிற நேரத்துக்கும் எரிகிறது. சும்மா நிற்கும் கார், இன்ஜின் அளவையும் ஏசியையும் பொறுத்து, மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை குடிக்கும் என்கிறது அதே அமெரிக்கத் துறை. ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். பத்து கிலோமீட்டரை 30 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 20 நிமிடம். இன்ஜின் உயிரோடிருக்க மட்டும் 330 மில்லி. அதே பத்து கிலோமீட்டர் பத்து கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் ஒரு மணி நேரம். ஒரு லிட்டர் போய்விட்டது. வண்டியை நகர்த்தும் செலவு இதில் சேரவில்லை.

அந்தப் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு இந்தப் பகுதியில் காரணங்கள் ஏராளம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. அவ்வளவு வேண்டாம், ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தாலே முடிச்சூர் சாலையும் பள்ளிக்கரணைப் பக்கத்து வேளச்சேரி சாலையும் திணறிவிடும். கணுக்கால் தண்ணீரை விலக்கிக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்து போகவேண்டும். மழை விட்டால் பண்டிகை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் கூட்டம் பெருங்களத்தூர், வண்டலூர் வழியாக அங்கே வந்து சேர்கிறது. இருமுடி கட்டி மேல்மருவத்தூர் போகும் வண்டிகளும் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான்.

இத்தனையும் சின்ன காருக்கும் உண்டே, எஸ்யூவிக்கு மட்டும் ஏன் வலிக்கிறது? எடைதான் காரணம். ஆட்களோடு 1,700 கிலோ வரும் எஸ்யூவி 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் 85 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். பிரேக்கை மிதித்தால் அவ்வளவும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். திரும்ப அந்த வேகத்துக்கு வர அதை மறுபடி வாங்கவேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும், நகர ஓட்டத்தில் சக்கரத்துக்கு வந்து சேருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு முறை நின்று கிளம்ப 13 மில்லி. 900 கிலோ சிறிய காருக்கு 7 மில்லி போதும். கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் போவதற்குள் இருபது முறை நின்று கிளம்பினால் எஸ்யூவிக்குக் கால் லிட்டருக்கு மேல் பிரேக்கில் கரைந்திருக்கும். வேகம் பாதியானால் இந்த ஆற்றல் கால்பங்காகும் என்பதால், ஊர்ந்து போகும் நெரிசலில் இந்த நஷ்டம் குறையும். ஆனால் அங்கே நேரச் செலவு முந்திக்கொள்ளும்.

சின்னச் சின்னச் செலவுகளும் கூடவே சேரும். வெயில் இல்லையே, ஏசி மிச்சம் என்று நினைப்போம். மழையில் நனைந்த சட்டையும் குடையும் நாலு பேர் மூச்சும் முன்கண்ணாடியை மூடிவிடும். அதைத் துடைக்கும் டிஃபாகர் பட்டனை அழுத்தினால் பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸரும் சேர்ந்தே ஓடும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிவது அதன் வேலை. எதிர்பார்த்த மிச்சம் அப்படிப் போகும். டயர் விஷயம் வேறு. வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் ஒரு பிஎஸ்ஐ குறையும். மே மாத மதியத்தில் பிடித்த காற்றை டிசம்பர் வரை பார்க்காமல் விட்டால், டயர் கொஞ்சமும் கசியாவிட்டாலும் இரண்டு, மூன்று பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். மைலேஜில் இது ஒரு சதவீதம்கூட வராது. ஈர ரோட்டில் பிடிமானத்துக்காகவாவது சரிபார்க்கவேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது என்பதால் மைலேஜ் குறைவது நிஜம். ஆனால் அது பன்னிரண்டு மாதமும் குறைக்கும். மழைக்கு மட்டும் வரும் சரிவை அதனால் விளக்க முடியாது.

வண்டியில் கோளாறா, ரோட்டில் கோளாறா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரே பங்கில் டேங்க் ஃபுல் செய்து டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். அடுத்த முறை ஃபுல் செய்யும்போது, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். கூடவே திரையில் காட்டும் சராசரி வேகத்தையும் குறித்துவையுங்கள். வேகமும் மைலேஜும் சேர்ந்து விழுந்திருந்தால் வண்டியைப் பிரிக்க வேண்டாம். மூன்று சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள், நீண்ட நெரிசலில் இன்ஜினை அணையுங்கள், தனியாகக் கிண்டிக்கோ எழும்பூருக்கோ போவதானால் 1931லிருந்து தாம்பரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயிலில் ஏறுங்கள். சராசரி வேகம் பழையபடி இருந்து மைலேஜ் மட்டும் விழுந்திருந்தால் சங்கதி வேறு. திறந்தபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், பிடித்தபடியே இருக்கும் பிரேக், கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சார் என்று இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். இவை மூன்றும் எந்த மாதத்திலும் வரக்கூடியவை. பொங்கல் கழியட்டும் என்று காத்திருந்தால் தாமாகச் சரியாகாது.