வழிகாட்டி நூலுக்கு நடுவர் யார்?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுவோர்க்கு மூடுபனி புதிதன்று. பாதை அறியாதவனுக்கு வழிகாட்டி வேண்டும். ஆயின், அவ்வழிகாட்டியின் தகுதியை அளக்கும் அறிவும் அவனிடத்தில் இல்லை. வலைத்தளங்களை ஆக்க உதவும் நிரற்சட்டகமொன்றை நூலின் துணைகொண்டு கற்கப் புகும் மாணவனது நிலையும் இதுவே.

ரியாக்ட் என்னும் கருவித்தொகுதி 2019இல் ‘ஹூக்ஸ்’ என்னும் முறையைப் புகுத்தியது. அதற்கு முன்னெழுந்த தொடக்க நூல்கள் பொய்த்துவிடவில்லை. எனினும், இன்றைய நிரல்களைப் படித்தறிய அவை மட்டும் போதா. இதனைப் புதியவன் அறியான். அறிந்த வல்லுநனோ, தான் முன்னர் இடறிய இடங்களை மறந்தவன். இவ்விருவருள் எவரை நடுவராக்குவது?

நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் குன்றக்கூறலை முதற்கண் வைத்தார். தொடக்க நூலோ குன்றக் கூறியே தீரவேண்டும்; அனைத்தையும் கூறின் அது தொடக்க நூலாகாது. (விற்பனைக்கு வரும் நூல்கள் பல ‘முழுமையானது’ என்று அட்டையிலேயே பறைசாற்றுவது வேறு கதை.) ஆகவே, குற்றம் குறைத்துக் கூறுவதிலன்று, குறைத்ததை மறைப்பதிலேயே உள்ளது எனலாம்.

ஜாங்கோ சட்டகத்தின் அதிகாரபூர்வப் பயிற்சிநூல், தான் எப்பதிப்புக்கு உரியதென்பதை முதற்பக்கத்திலேயே கூறுகின்றது. மாணவனிடமுள்ள பதிப்பு வேறாயின், எப்பயிற்சியை நாடவேண்டுமென்பதையும் காட்டுகின்றது. ஏனையவற்றை மதிப்பிட இயலாத புதியவனும் இவ்வொன்றைத் தானே சரிபார்க்கலாம்.