பெயர் சுட்டாமை

அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்ற தொல்காப்பிய விதியை நாம் பெரும்பாலும் கவிதையின் பொதுமைப் பண்பு குறித்த விதியாகவே படித்து வந்திருக்கிறோம். தலைவன் எவனாகவும் இருக்கலாம், ஆதலால் எல்லோருமாகிறான் என்று. ஊரார் வாயிலிருந்து இரண்டு பேரைக் காப்பாற்றும் ஏற்பாடு என்றும் அதைப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அலர் என்ற சொல்லுக்கு அவ்வளவு இடம் கொடுத்த மரபு பெயரின் ஆபத்தை அறியாமல் இருந்திருக்க முடியாது. நெடுநல்வாடையில் பெயர் எதுவும் இல்லை. ஆனால் பாசறைக் காட்சியில் வருகிற வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆள் இன்னான் என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு தழை போதும். (இந்த வகைப்பாட்டோடு சண்டை போட்டவர்கள் உண்டு. அது வேறு விவகாரம்.)

கைபேசியைப் பற்றிப் பேச நச்சினார்க்கினியரை இழுப்பது விளையாட்டுக்காக அல்ல. வாட்ஸ்அப் 2016 முதல் செய்தியின் உள்ளடக்கத்தைப் பூட்டித்தான் அனுப்புகிறது. பூட்டும் முறையும் சிக்னல் செயலியைச் செய்தவர்களிடமிருந்து பெற்றதுதான். கடிதம் ஒட்டியிருக்கிறது, சரி. யார் யாருக்கு, எந்நேரத்தில், எத்தனை தடவை என்பதெல்லாம் உறையின் மேல் இருக்கிறது. அதுதான் வேப்பந்தழை. சிக்னல் உறையின் மேலும் கூடியவரை ஒன்றும் எழுதாமல் விடப் பார்க்கிறது. 2016இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக அதனிடம் தகவல் கேட்கப்பட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாகத் தொடர்புகொண்ட நாள் ஆகிய இரண்டுக்குமேல் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் ஜோஹோவின் 'அரட்டை'யைச் சுதேசிப் பெருமிதத்தோடு எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். அப்போது அதில் எழுத்துச் செய்திகளுக்கு அந்தப் பூட்டே இல்லை. பூட்டு நம்மூர்க் கொல்லர் செய்ததா என்ற கேள்வி, பூட்டு இருக்கிறதா என்ற கேள்விக்கு அப்புறம்தான் வரவேண்டும்.

ஜலகண்டாபுரத்தில் இதைப் பேசினால் 'நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?' என்கிறார்கள். தறிக்காரர்களின் ஊர். தறியும் அடுப்பும் தொட்டிலும் ஒரே கூரையின்கீழ் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அந்தரங்கம் என்பது தனி அறை வைத்திருப்பவனின் சௌகரியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. முற்போக்கு நண்பர்களும் கிட்டத்தட்ட இதையே வேறு பாஷையில் சொல்கிறார்கள்: அது பூர்ஷ்வாச் சரக்கு. நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒற்றை அறை வீட்டில்தான் அந்தரங்கம் மிக நுட்பமான பழக்கமாக இருந்தது. மாமியார் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவாள். புதுப்பெண் தலை சீவும்போது மாமனார் திண்ணைக்கு எழுந்து போவார். பாராமல் இருப்பது என்று ஒரு மரியாதை இருந்தது. சுவர் இல்லாத இடத்தில் அதுவே சுவர். இயந்திரம் செருமுவதில்லை. தறிக்கூடத்து மூலையில் மாட்டியிருக்கும் காமிராவுக்கு எழுந்து திண்ணைக்குப் போகத் தெரியாது.

அந்தரங்கம் என்ற சொல்லை அதிகாரமும் தனக்காகக் கேட்கும் என்பதை நமக்குக் காட்டியது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்குதான். தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தபோது, சிறைத்துறையிலிருந்து தடை வந்தது. போலீஸ் அதிகாரிகள் சிலரது தொடர்புகள் அதில் வரும் என்ற பேச்சு இருந்தது. 1994இல் உச்ச நீதிமன்றம், தன்னை விட்டுவிடச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது. பதவியின் கடமை சார்ந்த செயல்களுக்கு அதிகாரி இந்த உரிமையைக் கேட்க முடியாது என்றும் சொன்னது. மறுவருஷம் ஏப்ரலில் சங்கரைத் தூக்கிலிட்டது எங்கள் சேலம் மத்திய சிறையில்தான். 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குத் தொடுத்த புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி. உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. அதை வீட்டில் எங்கே வைப்பது?

என் வீட்டில் அலமாரி மேல்தட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை இருக்கிறது, சீட்டுக்கட்டு அளவு. பக்கத்தில் ஒரு வன்தட்டு. குடும்பப் புகைப்படங்கள் இம்மிச்சில், கோப்புகள் நெக்ஸ்ட்கிளவுடில், மோட்டாரும் விளக்கும் ஹோம் அசிஸ்டன்டில். எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகாது. மின்சாரம் போனால் தாக்குப்பிடிக்க ஒரு பேட்டரி. வெளியூரிலிருந்து வீட்டுப் பெட்டியைத் தொடுவதும் லேசில்லை. இணையம் கொடுக்கிற கம்பெனிகள் பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்திவைக்கின்றன, கதவெண் இல்லாத தெருபோல. சுற்றுவழி உண்டு, அதற்கு ஒரு ராத்திரித் தூக்கம் போகும்.

இதைச் சிறுபத்திரிகை நடத்துவதோடு ஒப்பிடும் ஆசை எனக்கு உண்டு. செல்லப்பா 1959இல் 'எழுத்'தைத் தொடங்கியதும், 1968இல் சேலத்திலிருந்து 'நடை' வந்ததும் இந்த மனோபாவத்தில்தானே: பெரிய ஸ்தாபனம் தரும் சௌகரியத்துக்குப் பெரிய ஸ்தாபனத்தின் ருசியையும் ஏற்கவேண்டியிருக்கிறது, அது வேண்டாமென்றால் தபால்தலையை நீயே ஒட்டு. ஆனால் ஒப்புமை பாதியில் நின்றுவிடுகிறது. பத்திரிகை இன்னொருவனைத் தேடிப் போகிறது. என் பெட்டி யாரும் தன்னைத் தேடி வரவேண்டாம் என்கிறது. தறிக்கூலிக்கு வருகிறவருக்கு வேலை நேரம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அவரைச் சிக்னலுக்கு வாருங்கள் என்று நான் உபதேசிப்பது அபத்தம். இது தேர்ந்தெடுக்க வசதியுள்ளவனின் ஒழுக்கமாகவே இன்னும் இருக்கிறது.

சொந்தப் பெட்டி என்பதாலேயே பத்திரம் என்றும் இல்லை. ராஜ்கோட்டில் ஒரு பிரசவ மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் விற்பனைக்கு வந்தது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது. காமிரா மருத்துவமனையின் சொந்தக் காமிரா. கடவுச்சொல் யாரும் ஊகித்துவிடக்கூடியது என்று செய்திகள் சொல்லின. அந்த அறையில் காமிரா எதற்கு என்பது முதல் கேள்வி.

எனக்கு உண்மையான சங்கடம் வேறொன்று. விளம்பரங்களைத் தடுக்கப் பைஹோல் என்ற மென்பொருளை நிறுவினால், வீட்டில் எந்தக் கருவி எத்தனை மணிக்கு எந்தத் தளத்தைக் கேட்டது என்று ஒரு பேரேடு தானாக உருவாகிறது. கலிபோர்னியாவில் இருந்த கண் கூடத்துக்கு வந்துவிடுகிறது. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவன் அப்பாவோ அண்ணனோ. தூரத்துக் கம்பெனிக்கு என் மகள் ஒரு விளம்பரக் கணக்கு. நம் வீடுகளில் பெண்ணின் கைபேசியைத் திறந்து பார்க்கிறவன் அவளைச் சாதியின் கணக்கில் வைத்திருக்கிறான். 2015 ஜூன் 23இல் ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் தலித், அவள் வேறு சாதி. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். அந்த இருவருக்கும் அன்று யாரிடமிருந்து அந்தரங்கம் தேவைப்பட்டது? கூகுளிடமிருந்து அல்ல. கோயிலின் காமிராப் பதிவுதான் வழக்கில் முக்கியச் சாட்சியமாக நின்றது; 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. ஆகவே காமிராவை ஒரேயடியாகச் சபிக்கவும் எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் அது சாட்சி சொன்னது, காப்பாற்றவில்லை.

இந்தச் செய்தி மனதில் இருந்ததால், பைஹோலை நிறுவிய அன்றே பேரேட்டை அணைத்துவிட்டேன். அணைத்ததை மறுபடி போட்டுக்கொள்ள நிர்வாகிக்கு ஒரு நிமிஷம் போதும், நிர்வாகி நான். ஆகையால் அணைத்தது என் தயவாகத்தான் இருக்கிறது. தயவை உரிமை என்று சொல்ல முடியாது. மகளின் கோப்புகள் மட்டும் கிரிப்டோமேட்டரில் பூட்டி, பூட்டிய பிறகே என் பெட்டிக்கு வருகின்றன. சாவி அவளிடம். அவள் மறந்தால் நானும் திறக்க முடியாது. இதைக் கேட்ட என் சித்தப்பா, 'பெத்தவனுக்கே தொறக்காத பொட்டி வூட்டுல எதுக்குடா?' என்றார். அவருக்கு நான் பதில் சொல்ல ஆரம்பிக்குமுன், வன்தட்டு பழுதானால் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்று மகள் கேட்டாள். சென்னையில் அவள் தோழி வீட்டில் ஒன்று வைக்கலாம் என்கிறாள்.